எட்டு அங்குலம்

தஹ்மினா,
உங்கள் பெயரை ஒப்பந்தத் தாளில்தான் பார்த்திருக்கிறேன்.
நாளை பத்து மணிக்கு வக்கீல் அலுவலகத்தில்
சாவி கைமாறும்.
இதை அடுப்புக்கு இடப்பக்க இழுப்பறையில் வைக்கிறேன்.
அது பாதியில் சிக்கும்,
கொஞ்சம் தூக்கி இழுக்க வேண்டும்.

ஏஜென்ட் பிரெண்டன்
'வெளிச்சமான சமையலறை' என்று எழுதினான்.
பஃபலோவில் ஒரு நவம்பர் மாலையை
அவன் இந்தச் சன்னலோரம் கழித்ததில்லை.
நீங்கள் பார்க்க வந்த அன்று
இலவங்கப்பட்டை மெழுகுவத்தி ஏற்றச் சொன்னவனும் அவன்தான்.
பேஸ்மென்ட் வாசனை
அதற்கு அடியில் பொறுமையாகக் காத்திருந்தது.

அங்கே தண்ணீர் இறைக்கும் மோட்டார் ஒன்று உண்டு.
மார்ச்சில், பனி உருகும் வாரம்,
இரவெல்லாம் இருமும்.
இருமினால் தூங்குங்கள்.
இருமல் நின்றால்
எழுந்து ஓடுங்கள்.

மே மாதம் வரி மதிப்பீட்டை எதிர்த்து முறையிட
ஒரு நாள் கொடுப்பார்கள். போங்கள்.
விற்கிறவர் மெழுகுவத்தி வைத்து மறைக்கும் விரிசலை
அங்கே படம்பிடித்துக்கொண்டுபோய்ப்
பெருமையாகக் காட்ட வேண்டும்.
ஒரே வீடுதான்;
மேசைக்கு ஒரு விலை.

தவக்கால வெள்ளிகளில் தீயணைப்பு நிலையத்தில்
மீன் வறுப்பார்கள், தெருவே அங்கிருக்கும்.
எந்த எண்ணெய் என்று கேளுங்கள்,
யூலாலியா கோபித்துக்கொள்ள மாட்டாள்.
(பெயரை வைத்து ஊகித்துவிட்டேன்.
தவறென்றால் மன்னியுங்கள்.)

மேற்கே இருப்பவர் ஸிக்மண்ட் நோவோரிட்டா.
இதை முதலில் எழுதியிருக்க வேண்டும்.

வேலி போட்டது என் கணவர் ஜெரார்டு.
சர்வேயர் வந்து சங்கிலி பிடித்தபோது
எட்டு அங்குலம் அவர் மண்ணில் நின்றது.
ஒரு சாணுக்கும் குறைவு.
எண்சாண் உடம்பு இரண்டு
அதற்காக ஆறு வருடம் முறைத்துக்கொண்டன.
வக்கீல் கடிதங்களை அடுக்கினால்
வேலி உயரம் வரும்.

பனிக்காலத்தில் ஸிக்மண்ட்
தம் மெஷினைத் தள்ளிக்கொண்டு வேலிவரை வருவார்,
அந்த எட்டு அங்குலத்தை மட்டும் விட்டுத் திரும்புவார்.
ஏப்ரல்வரை நிற்கும்
மெல்லிய வெள்ளைச் சுவர்,
வழக்கு எண் எழுதாத குறை.

ஜெரார்டு அரிசோனாவுக்குப் போனார்.
யாரோடு என்பது இந்தத் தாளுக்கு வேண்டாம்.
அந்த டிசம்பரில் ஒரு காலை
சுவர் இல்லை.
வேலிவரை, வேலி தாண்டி, என் படிவரை
வழித்திருந்தது.
அவரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
பியரோகி ஒரு கிண்ணம் வாசலில் வைத்தேன்.
கழுவித் திரும்பிய கிண்ணத்துக்குள்
வேலிக் கதவுக்குப் புதுக் கீல் ஒரு ஜோடி,
எண்ணெய் போட்டது.

விற்பனைப் படிவத்தில் ஒரு கேள்வி:
எல்லைத் தகராறு உண்டா?
பேனாவை வைத்துக்கொண்டு
காபி ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன்.
'இல்லை' என்று குறியிட்டேன்.

பொய்யா, தெரியவில்லை.
மண் இன்னும் அவருடையது.
சண்டைதான் யாருடையதும் இல்லை.
நேர்மையானவள் என்றால்
இதை இன்றிரவே உங்களுக்குத் தொலைபேசியில் சொல்லியிருப்பேன்.
இழுப்பறையை நீங்கள்
பத்து மணிக்குப் பிறகுதான் திறப்பீர்கள்.
அது எனக்குத் தெரியும்,
தெரிந்தேதான் வைக்கிறேன்.

அவருக்கு எண்பத்தொன்று ஆகிறது.
பிள்ளைகள் ஃபீனிக்ஸிலோ எங்கோ.
அவர் போனபின் வருகிறவர்கள்
சர்வே தாளை விரிப்பார்கள்.
அதற்குள் பேசி எழுதி வாங்கிவிடுங்கள்,
என்னால் முடியவில்லை.
பேச்சை எடுத்தால்
கீல் கொடுத்த கைக்குக் கணக்கு எழுதுவதுபோல் ஆகிவிடுமோ என்று
ஒவ்வொரு வருடமும் தள்ளிப்போட்டேன்.

குப்பை வண்டி செவ்வாய்க்கிழமை.
நீலத் தொட்டி வாரம் விட்டு வாரம்.
மூடி காற்றில் பறக்கும்,
மேலே ஒரு செங்கல் வையுங்கள்.
செங்கல் கராஜில் இருக்கிறது.

லொரெய்ன்