வடிகட்டியில் அரைச் செங்கல்

ரொசாரியோவில், பரானா நதியோரக் கிளப்பில்,
கோர்ட்டுகளுக்குப் பின்னால், ஜெனரேட்டரை ஒட்டி
என் அறை. மூன்று சலவை இயந்திரம். ஒன்று பேருக்கு.
போட்டி நடக்கும் ஏழு நாளும்
ஒரு ஆட்டம்கூட நான் பார்ப்பதில்லை.
காலுறைகள் வருகின்றன.

மண் என்கிறார்கள். மண் இல்லை.
இடித்த செங்கல், பொடித்த ஓடு.
யார் வீட்டுச் சுவரோ, யார் கூரையோ,
சலித்துப் பரப்பி, நீர் தெளித்து,
வெள்ளைக் கோட்டை ஆணியடித்து வைத்திருக்கிறார்கள்.
அதன்மேல் சறுக்குகிறார்கள்,
பந்துக்கு முன்னாலேயே கிளம்பி,
போய்ச் சேரும்போது அதுவும் வந்திருக்கும்படி.
எனக்கு இதைச் சொன்னவன் கஸிமீரோ.
செட் முடிந்தால் தரையை இழுத்துச் சமன் செய்பவன்.
நாளெல்லாம் வலை இழுக்கிறேன், ஒரு மீன் இல்லை என்பான்.

காலுறையைப் பார்த்தால் ஆட்டம் தெரியும்.
இடது கணுக்கால் மட்டும் சிவந்திருந்தால்
எதிராளி இவன் பலவீனத்தைக் கண்டுபிடித்துவிட்டான்.
இரண்டும் விளிம்புவரை சிவப்பென்றால் மூன்று செட்.
வெள்ளையாகவே திரும்பி வந்தால் ஆறு-பூஜ்யம்;
ஜெயித்த பூஜ்யமா, தோற்ற பூஜ்யமா,
அது மட்டும் தெரியாது.

ஆண்கள் பை நீலம், பெண்கள் பை மஞ்சள்.
தனித்தனியாகப் போடவும் என்று
சுவரில் தாள் ஒட்டியிருக்கிறது.
இரண்டில் ஒன்று மக்கர் செய்யும் நாளில்
தாளை யார் படிக்கிறார்கள்.
தண்ணீர் ஒரே நிறத்தில்தான் போகிறது.

தோற்றவர் மண்ணைக் கவ்வினார் என்பார்கள்.
ஜெயித்தவர் பல்லிலும் அதேதான்;
துவாலையில் பார்த்திருக்கிறேன்.

போன வருஷக் கோப்பைக்காரன் எலேசர் க்விரோகா
முதல் சுற்றிலேயே முடிந்து,
சட்டையை உதறி உதறித் தந்தான்.
விழவே இல்லையாம். காற்றாம். பந்து ஈரமாம்.
மீசையில் மண் ஒட்டவில்லை என்பதுண்டு.
இவனுக்கு மீசையே மண் நிறம்.

யாமிலா ஒல்குயின், தரவரிசையில் நானூற்றுப் பதினொன்று,
தகுதிச் சுற்றிலிருந்து ஏறி வந்தவள்.
சனிக்கிழமை அரையிறுதி.
சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குச் சத்தம் மட்டும்:
தட், தட், சீறலாக ஒரு சறுக்கல்,
"அவுட்" என்றொரு குரல், கைதட்டல்,
பிறகு திடீரென்று எதுவுமில்லை.
என் இயந்திரம் மட்டும் சுழன்றது.

கஸிமீரோ வந்து சொன்னான்.
அவளுடைய மேட்ச் பாயிண்ட்.
கை குலுக்க வலைக்குப் போக வேண்டியவள்
கோட்டுக்குப் போனாள். குனிந்தாள்.
நடுவர் நாற்காலியைவிட்டு இறங்குவதற்குள்
பந்தின் தடத்தை
ஷூ நுனியால் தேய்த்து அழித்தாள்.
உள்ளே, என்று அர்த்தம். மயிரிழை உள்ளே.
புள்ளி எதிராளிக்கு.
அப்புறம் ஒரு மணி நேரம். அப்புறம் தோல்வி.

இரவு ஒன்பதரைக்கு என் வாசலில் நின்றாள்.
பதினொரு மணிக்கு அசுன்சியோன் பஸ்,
திங்களன்று அங்கே இன்னொரு தகுதிச் சுற்று.
துணி இன்னும் உலர்த்தியில் உருண்டுகொண்டிருந்தது.
கவிழ்த்த கூடையில் உட்கார்ந்தாள்.
மாத்தே கொடுத்தேன், சர்க்கரை போட்டு.
அந்தப் பந்தைப் பற்றி நான் கேட்கவில்லை.
வெளுக்குமா, என்று மட்டும் அவள் கேட்டாள்.
வெளுக்காது. இளஞ்சிவப்பில் நின்றுவிடும்.
நல்லதுதான், தொலைந்தால் அடையாளம் சொல்லலாம், என்றாள்.

ஐந்து ஜோடி, சூடாக, மடித்துக் கொடுத்தேன்.
வலது ஷூ நுனியில் பிறை மாதிரி
கொஞ்சம் பொடி இருந்தது.
கைத்துணியை எடுத்தேன். திரும்ப வைத்துவிட்டேன்.

ஞாயிறு மாலை இரண்டு கோப்பைகளும் கொடுத்து முடிந்து
எல்லோரும் போன பின்
வடிகட்டியைக் கழற்றிச் சுரண்டினேன்.
கனமாக, ஈரமாக, அரைச் செங்கல் தேறும்.
கொடு, என்றான் கஸிமீரோ,
ஆறாம் நம்பர் கோர்ட்டில் ஒரு பள்ளம் இருக்கிறது.

வாளியோடு கொடுத்தேன்.
வாளி இன்னும் திரும்பி வரவில்லை.