நாற்பத்திரண்டுக்குள்

பாம்பன் தெற்குவாடியில்
நண்டு எடை போடுகிறவள் நான்.
கூடையைச் சாய்த்து
நீர் வடியவிட்ட பிறகே தராசில் வைப்பேன்.
நண்டோடு கடலையும் நிறுக்கக் கூடாது,
கம்பெனிச் சட்டம்.

எல்லோரும் போன பின்
அதே தராசில் மெல்சியா ஏறினாள்,
ஐஸ் ஈரத்தில் வெறுங்கால்.
நாற்பத்து மூன்று முந்நூறு.
நாற்பத்திரண்டுக்குள் வந்தால்
சின்னப் பிள்ளைகளோடு மோதலாம்.
மேலே போனால் தொண்டிக்காரி இருக்கிறாள்,
நெடுங்கால், உதைத்தால் நெஞ்சில் விழும்.
"ஒரு கிலோ முந்நூறுதானம்மா,
ரெண்டு நாள் இருக்கு."

மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு
ஆவணி வெயிலில் குந்துகால் வரை ஓடினாள்.
சோறில்லை.
தண்ணீர் கொப்பளிக்க மட்டும்.
எச்சிலுக்கு ஒரு சோடா பாட்டில்,
புளியை நினைத்து நினைத்துத் துப்ப.
பார்த்தேன்.
பார்த்துவிட்டு
ராத்திரி மறுபடி தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன்.

காலை ஏழு மணி, ராமநாதபுரம் மஹால்.
நாற்பத்தொன்று தொள்ளாயிரம்.
மாஸ்டர் கை தட்டினார்.
நானும்.

நீல மெத்தை, துண்டு துண்டாய்ப் பல் பொருத்தியது,
நேற்றைய கல்யாணத்து அட்சதை இடுக்கில் இன்னும்.
இரண்டாம் சுற்றில்
தூக்கிய கால் சுழன்றது,
ஊன்றிய கால் அங்கேயே நின்றது.
முழங்காலில் ஒரு சத்தம்.
எங்கள் கம்பெனியில்
நண்டுக் கால் உடைக்கும் பெண்கள்
நாளைக்கு ஆயிரம் முறை எழுப்பும் சத்தம்.
மஹாலில் வேறு யாருக்கும்
அது கேட்டிருக்காது.

மெத்தை விலகிருச்சு என்றார் மாஸ்டர்.
பிள்ளை தயங்கிட்டா என்றார் நடுவர்.
நாத்தனார் போனில், கண்ணேறு என்றாள்,
போஸ்டர் அடிக்காதேன்னு சொன்னேனே.

எலும்பு டாக்டர் முதலில் காலைத் தொடவில்லை.
புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டார்.
அது மடிந்தபடியே நின்றது.
"கடைசியா எப்பத் தண்ணி குடிச்சே?"
மெல்சியா
என்னைப் பார்த்தாள்.

ஆறு மாதம் என்றார்கள், ஒன்பதும் ஆகலாம்.
மூன்றாம் வாரமே
அக்குள்கட்டையோடு கம்பெனிக்கு வந்தாள்.
ஒற்றைக் காலில் தராசில் ஏறி,
"இந்தப் பெல்ட்டு என்ன கனம் இருக்கும்மா?
கழிச்சுச் சொல்லு."

சுவிட்சை அணைத்தேன்.
வரிசையில் நின்றவர்கள் கத்தினார்கள்.
சாய்த்து வைத்த கூடையிலிருந்து
கடல்
இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.