ஆறு பென்ஸ் கழிவு

பேரேட்டின் முதல் பக்கத்தில்
ஜேபெஸ் ஆக்ராய்டின் சாய்ந்த கையெழுத்து:
கண்ணாடி, பர்மிங்ஹாமிலிருந்து, பதினான்கு தகடு.
நீராவிப் பம்பு ஒன்று.
கடல்நீர், விலை இல்லை.

கம்பளி ஆலையில் சம்பாதித்ததையெல்லாம்
ஸ்கெல்விக்கின் களிமண் குன்றின்மேல் கொட்டினார் மனிதர்.
ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தாறு, ஜூன் மாதம்.
பித்தளை வாத்தியம், கொடி, மழை.
மேயர் வழுக்கி விழுந்ததை
எந்தச் செய்தித்தாளும் எழுதவில்லை;
ஊர் மட்டும் ஐம்பது வருஷம் சொல்லிச் சிரித்தது.

லீட்ஸிலிருந்து ரயிலில் வந்தவர்கள்
கடலுக்கு முதுகைக் காட்டி வரிசையில் நின்றார்கள்
கடலைப் பார்க்க.
உள்ளே வாயு விளக்கு, பச்சை இருட்டு,
நனைந்த கம்பளியின் வாடை.
சிங்க இறால் நடப்பதைக் கண்டு
ஒரு பாதிரியார் தொப்பியைக் கழற்றினார்.

மீனவக் குடும்பங்களுக்கு அன்று ஒருநாள் இலவசம்.
ஹெப்சிபா ரௌத் வந்தாள்,
விரல்களில் சுற்றிய துணியை அவிழ்க்காமலே.
பதினோரு வயதிலிருந்து காட் மீன் அறுத்தவள்.
வயிறு எங்கே திறக்கும், ஈரல் எங்கே வழுக்கும்,
கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள்.
மூன்றாம் தொட்டியில் ஒன்று
திரும்பியது.
அது திரும்பும் என்பதே அவளுக்குத் தெரியாது.
தாடைக்குக் கீழே ஒற்றை மீசை
மணலைத் தொட்டுத் தொட்டு எதையோ தேடியது.
"இவ்வளவு மெதுவாகவா" என்றாள், யாரிடமும் இல்லை.

அவள் புருஷன் அந்த மார்ச்சில்தான்
படகோடு போயிருந்தான்.
கரை ஒதுங்கவில்லை.
அடியில் வெளிச்சம் எப்படி இருக்கும் என்று
அவள் யாரையும் கேட்டதில்லை.

அடுத்த திங்கட்கிழமை பேரேட்டில் அவள் பெயர்:
கண்ணாடி துடைக்க, வாரம் ஏழு ஷில்லிங்.

பிறகு வந்ததெல்லாம் கேளிக்கை.
மீன் மட்டும் போதவில்லை ஜனங்களுக்கு.
சக்கரச் சறுக்கு மண்டபம் வந்தது,
நீராவியில் சுழலும் மரக்குதிரைகள் வந்தன,
மூக்கு உடைந்தவர்களுக்குக் கட்டுப்போடத் தனி அறை வந்தது.
ஒரு கோடைக்கு மட்டும் யானை.
யானைக்கு வைக்கோல், நாலு பவுண்ட்.
யானை நின்ற இடத்தில் விழுந்த பள்ளம் அடைக்க, ஒன்பது.
ஓரிரவு சீல் ஒன்று தப்பி வந்து
நடனத்தின் நடுவே படுத்துக்கொண்டது;
வாத்தியம் நிற்கவில்லை,
ஜோடிகள் அதைச் சுற்றிக்கொண்டு ஆடினார்கள்.

குன்று வருஷத்துக்கு இரண்டு கஜம் தேய்ந்தது.
பேரேடு அதைச் சொல்லாது.
வேலி நகர்த்த, என்று எழுதும்.
வேலி நகர்த்த. மறுபடி, வேலி நகர்த்த.

கட்டடம் கடைசியில் கடலுக்குள் போனது
ஒரு பிப்ரவரி இரவில்.
மரக்குதிரைகள் மிதந்ததை இன்றும் சொல்வார்கள்.
நான் சொல்ல வந்தது
அதற்குப் பதிமூன்று வருஷம் முந்திய ஒரு சனிக்கிழமை.

ஆக்ராய்டின் மகன் பம்பை நிறுத்தச் சொன்னான்.
தொட்டியை இறைத்துவிடு, மீனை எடைபோட்டுச்
சந்தைக்கு அனுப்பு.
ஹெப்சிபாவின் கையில் கத்தியைக் கொடுத்தார்கள்,
பழகிய கைதானே.

காட், இருப்பு இருபத்திரண்டு.
விற்றது இருபத்தொன்று.
ஹெப்சிபா ரௌத் கூலியில் கழிவு, ஆறு பென்ஸ்.
காரணம் எழுத வேண்டிய கட்டம் காலி.
அடுத்த வரி:
வாளி ஒன்று காணோம்.
அதற்கும் அடுத்த வரி, அதே தேதி, அதே மை:
வாளி வந்துவிட்டது.