படுவான்கரைக்குக் கடைசிப் பாதை

குருமண்வெளித் துறையில் பாதை கட்டிக் கிடக்கிறது.
வெளியூர் ஆட்களுக்கு இந்தச் சொல் பிடிபடுவதில்லை.
இங்கே பாதை என்றால் மிதப்பது.
இரண்டு இரும்புத் தோணி, மேலே பலகை,
ஏழு மோட்டார் சைக்கிள், பாண்காரனின் ஓட்டோ,
தயிர்ச் சட்டிகள், நான்.

சாமித்தம்பி கயிறு சுற்றி இழுக்கிறார்.
மூன்றாம் இழுவையில்தான் எஞ்சின் இருமும்.

அந்தக் கப்பலில் படியே தானாக ஓடியது.
பிரேயஸ் துறைமுகம், காலை ஏழரை.
அதன் வயிற்றுக்குள் நூறு லொறி.
எட்டு மணி நேரம் நான் நின்றது
மேடத்தின் சின்னவன் வாந்தியெடுத்த பையோடு.
பிறகு எல்லோரும் ஒரே பக்கமாக ஓடினார்கள்.
சரிந்துவிடும் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

சந்தோரினி.
மலை என்று நான் நினைத்தது வெறும் விளிம்பு.
எந்தக் காலத்திலோ தீக்கக்கி வெடித்து
நடு வயிறு கடலுக்குள் போய்விட்ட ஊர்.
மிஞ்சிய ஓரத்தில்
சுண்ணாம்பு அடித்துக் குடியிருக்கிறார்கள்.
கீழே பாறை, கறுப்பு சிவப்பு சாம்பல்,
கல்முனைச் சீலைக்கடை அடுக்குப் போல.

வெடித்த இடத்தில் வீடு கட்ட
என்ன துணிவு பார், என்றாள் மேடம்.
நான் பேசவில்லை.
எங்கள் கிணற்றடியில்
கண்ணிவெடி தோண்ட வந்தவர்கள் நட்ட சிவப்புக் கட்டை
நாலு வருஷம் நின்றது.
அதில்தான் கொடி கட்டி உடுப்புக் காயப்போட்டோம்.

பொழுது படும்போது
சனமெல்லாம் மதில்களில் ஏறிக் கைதட்டியது,
சூரியனுக்கு.
என் இரண்டு கையிலும் பிள்ளை தூங்கியது.

இப்போது மண்டூர்ப் பக்கம் அதே சூரியன்.
அது விழுகிற கரைக்கே எங்கள் ஊர்ப்பெயர்.
ஒருவரும் நிமிரவில்லை.
பாண்காரன் காசு எண்ணுகிறான்.
ஆத்துவாழைக்குள் ஒரு கொக்கு
எங்களைப் பார்த்துச் சலித்துப்போய் நிற்கிறது.

நான் கொண்டுவந்தது ஒன்றே ஒன்று:
குதிகால் தேய்க்கிற கல். கைப்பைக்குள் இருக்கிறது.
தயிர்க்காரி யோகராணி வாங்கிப் பார்த்தாள்.
"என்னகா இது, கல்லா? பாரமே இல்லையே."
"அந்த ஊர் நெருப்பு இறுகினது" என்றேன்.
"புளுகாத."
தண்ணீரில் போட்டேன்.

மிதந்தது.

பாதை முழுக்க ஒரே பக்கமாக வந்தது.
"அம்மி மிதக்குமாம், சுரை தாழுமாம்,
அந்தக் காலம் வந்திட்டுதுகா!"
"டேய், சரியப்போகுது, அங்கால போங்க!"
சாமித்தம்பியின் குரல் எஞ்சினை விழுங்கியது.
யாரோ ஒரு பொடியன் கைதட்டினான்.

கல் அதற்குள் அலையேறிப் பின்னால் போயிற்று.
"அண்ணன், ஒருக்கா நிப்பாட்டுங்க."
"நிப்பாட்டினா ஆர் இழுக்கிறது? நீயா?"

எழுவான்கரைப் பக்கம் அது
சின்னதாகி, பிறகு
ஆத்துவாழையா கல்லா என்று தெரியாமல் ஆனது.
இன்னும் மூன்று மாதத்துக்குப் போதும் அந்தக் கல்.
முட்டாள்தனம்.

மண்டூர்த் துறையில் செருப்பைக் கையிலெடுத்து
முழங்கால் தண்ணீரில் இறங்கினேன்.
குதிகால் வெடிப்புக்குள்
உப்பு புகுந்து சுள்ளென்றது.