இடது பின்பக்கம்

அறை பத்துக்கு ஒன்பது.
அதிலும் ஓரடியைக் கதவு தின்றுவிடும்.
வலை கிடந்த அறை.
வலையை வாசலுக்குத் தள்ளிவிட்டு
ரெமிஜியுஸ் டேப்பால் சுவரை அளந்தான்,
பெண் பார்க்க வந்தவன் மாதிரி,
நேராகப் பார்க்காமல்
எல்லாவற்றையும் பார்த்து.

ஐஸ் கம்பெனியில் கம்ப்ரசர் பார்க்கிறவன்.
ஊஃபர் மதுரையில் வாங்கினது.
ஆம்ப்ளிபயரில் பாதி ராமநாதபுரம்,
மீதி பழைய இரும்புக் கடை.
பெட்டிக்குப் படகுப் பட்டறையில் மிஞ்சின பிளைவுட்.
தண்ணி பட்டாலும் ஊறாதாம்.
"படத்துல வெள்ளம் வந்தாலும் தாங்கும்ல" என்றேன்.
சிரிக்கவில்லை. ஸ்குரூ முடுக்கிக்கொண்டிருந்தான்.

சுவருக்கு முட்டைத்தட்டு ஒட்டச் சொன்னார்கள் எல்லோரும்.
அது சும்மா, எதிரொலி அடங்காது என்றான்.
கிழிந்த வலையை மடித்து மடித்துச் சாக்கில் திணித்து
மேலே கறுப்புத் துணி இழுத்து
சட்டம் சட்டமாக மாட்டினான்.
சின்னப்பாலத்தில் இதற்கு முன்
யாரும் சுவருக்குச் சட்டை தைத்ததில்லை.
ஒரு வாரம் முழுக்கக் காரல் வாடை.
பூனை ஒன்று தினமும் வந்து
சுவரையே பார்த்து உட்கார்ந்திருந்தது,
படம் போடுவார்கள் என்று நினைத்தோ என்னவோ.

மூலைக்கொன்றாய் நாலு.
திரைக்குக் கீழே ஒன்று.
ஊஃபர் என் முழங்காலிலிருந்து ஒரு சாண்.
நாற்காலிக்கு ஏது இடம்?
மீன்பெட்டி இரண்டு, மேலே மெத்தைத் துண்டு.

முதல் நாள் மழை போட்டான்.
படமில்லாமல், சோதனைக்கு, வெறும் மழை.
பிறகு இடி.
பக்கத்து வீட்டு செபஸ்தியம்மாள் பாய்ந்து வந்து
காயப்போட்ட நெத்திலியைப் பாயோடு சுருட்டி
உள்ளே வைத்துவிட்டுத்தான் வானத்தைப் பார்த்தாள்.
சித்திரை. ஒரு பொட்டு மேகமில்லை.
ஏசுவதற்கென்றே வந்தாள்.
வாய் நிறைய வைத்திருந்ததைப் பாதியில் விழுங்கி
நிலைப்படியைப் பிடித்து நின்றாள்.
"இன்னொருக்கா போடு."
மூன்று தடவை பெய்யவைத்துவிட்டுப் போனாள்.

எனக்கு அந்த மழை பாதிதான் பெய்தது.
சொல்லவில்லை.
பதினாறு வருஷம் பாசிக்கு முங்கின காது.
வலது இருக்கிறது.
இடது, யாரோ பஞ்சு வைத்து
எடுக்க மறந்த மாதிரி.
ஹெலிகாப்டர் ஒன்று தலையைச் சுற்றும் அந்த டிஸ்க்கில்.
வலப்பக்கம் வரும், பின்னால் போகும்,
இடப்பக்கம் திரும்பினதும் கடலில் விழுந்துவிடும்.
அப்புறம் ஒன்றும் நடக்காததுபோல முன்னால் கிளம்பி வரும்.
உச்சிப்புளிப் பக்கமிருந்து வருகிற நிஜமானதும்
எனக்கு அப்படித்தான்.
நன்றாயிருக்கு என்று தலையாட்டிவைத்தேன்.

ராத்திரி
என் தலை இருக்க வேண்டிய உயரத்தில்
மைக்கைக் கம்பில் கட்டி அளந்தான்.
மெஷின் கூவிற்று, முனகிற்று,
எல்லாம் சரி என்று பச்சை காட்டிற்று.
மைக்கை அவிழ்த்துவிட்டு என்னை உட்காரச் சொன்னான்.
"அசையாத."
இடது பின்பக்கத்தை ஒரு புள்ளி ஏற்றினான்.
என் முகத்தைப் பார்த்தான்.
இன்னொரு புள்ளி.
அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.
எட்டிலோ ஒன்பதிலோ
விழ வேண்டிய இடத்தில் விழாமல்
ஹெலிகாப்டர்
சுற்றி வந்துவிட்டது.
சட்டென்று இடப்பக்கம் திரும்பிவிட்டேன்.
அங்கே என்ன இருக்கும், கறுப்புத் துணிதான்.
குமிழை அப்படியே விட்டு
என் நகப்பாலீஷை எடுத்து
அதன்மேல் ஒரு கோடு இழுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனியிலிருந்து காசிலிங்கம் வந்தார்.
இன்னொரு மீன்பெட்டியில் பத்து நிமிஷம் உட்கார்ந்தார்.
"எல்லாம் சரிப்பா, இடது ரியர்தான் கெடந்து கத்துது.
பேலன்ஸே இல்லையே."

"உப்புக் காத்துல்ல" என்றான் ரெமிஜியுஸ்,
"இங்க ஸ்பீக்கரெல்லாம் அப்படித்தான்."