கடைசித் தவணை

படகு சலெலொலொங்காவை நெருங்கும்போது
இரேனா அந்தக் காகிதத்தை
நான்காவது முறையாக வெளியே எடுத்தாள்.
வங்கி முத்திரை. நிலுவை: பூஜ்யம்.
காற்று பிடுங்கப் பார்த்தது.
"கொடுத்துத் தொலையேன்" என்றேன்.
"பதினொரு வருஷம்" என்றாள்,
மடித்து உள்ளே வைத்துக்கொண்டாள்.

வெலிங்டனில் எங்கள் சலவைக்கடை.
பன்னிரண்டு எந்திரங்கள், பதிமூன்றாவது எப்போதும் ரிப்பேர்.
யார் வீட்டுக் குழந்தைக்குப் பேதி,
யார் காலரில் யாருடைய உதட்டுச்சாயம்,
எல்லாம் தெரியும், யாரிடமும் சொன்னதில்லை.
ஒருத்தி கடையில் நின்றால்தான்
இன்னொருத்தி தூங்கலாம்.
சேர்ந்து ஒரு சினிமாகூடப் பார்த்ததில்லை.
பங்காளி என்றால் சண்டை வரும் என்பார்கள்;
எங்களுக்கு அதற்கும் நேரம் வாய்க்கவில்லை.

சவாயீ தீவில் பேருந்துக்கு மர உடம்பு.
இருக்கை தீர்ந்தால் மடி இருக்கிறது.
மீன் கோர்வையோடு ஏறிய ஒரு பெரிய மனுஷி
இரேனாவின் மடியில் அமர்ந்தார்,
தன் வீட்டு சோபாவில் அமர்வதைப் போல.
நீங்கள் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.
வழியெல்லாம் அவள் மூச்சு விட்டாளா
எனக்குத் தெரியாது.
இறங்கும்போது அந்த அம்மாள் கன்னத்தில் தட்டி
ஒரு பப்பாளி கொடுத்தார்.
"வாடகை" என்று அதை
மூன்று நாள் வெட்டாமல் வைத்திருந்தாள்.

தாங்காவில் கரும்பாறைத் துளைகளுக்குள்
கடல் மூச்சடக்கி விடுகிறது.
ஐந்து தாலா வாங்கிக்கொண்ட மாட்டேயோ
அலையின் கணக்கை முணுமுணுத்தபடி நின்று
துளைக்குள் ஒரு தேங்காயை எறிந்தான்.
எந்த வேண்டுதலும் இல்லாத தேங்காய்.
காய்த்த உயரத்துக்கே திரும்பிப் போய்
அதையும் தாண்டியது.
"இன்னொன்று!"
இது அசல், என்று கத்தினாள் இரேனா.
இது வட்டி.
இது வட்டிக்கு வட்டி.
ஏழாவதில் மாட்டேயோவும் சேர்ந்து கத்தினான்,
எதற்கென்று தெரியாமலே.

மனாசேயில் சுவரில்லாத குடில்.
ஒயினின் தக்கை பறந்தது, நாய் கவ்விக்கொண்டு ஓடியது,
நாங்கள் புட்டியோடு கடலுக்குள் ஓடினோம்.
அப்போதுதான் சங்கு ஊதியது.
கரையில் ஒரு சிறுமி
உள்ளங்கையைக் கீழே அழுத்திக் காட்டினாள்: உட்கார்.
ஊர் முழுக்கத் தொழுகை நேரம்.
இடுப்பளவு நீரில் அப்படியே குந்தினோம்,
பாதிச் சிரிப்பை வாயில் அடைத்துக்கொண்டு.
வீடுகளிலிருந்து பாட்டு வந்தது,
நாலு குரல் நாலு திசை, ஒரே கூரையாக.
பிறகு அதுவும் அடங்கியது.
என் காதுக்குள் சுற்றிக்கொண்டிருந்த உருளை
நின்றது.
நின்ற பிறகுதான் தெரிந்தது
அது இத்தனை நாள் சுற்றியது.
இரேனா அழுதாளா?
உப்புநீர் மேல் உப்புநீர்க் கறை
எங்கள் தொழிலிலேயே கண்டுபிடிக்க முடியாது.

மறுபடி சங்கு.
"பசிக்கிறது" என்றாள்.

செஃபினா தட்டோடு வந்து கேட்டாள்:
கல்யாணமா? பிறந்தநாளா?
கடன் தீர்ந்தது, என்றோம்.
தட்டை வைத்துவிட்டுத் தங்கைகளைக் கூப்பிட்டாள்.
குடில் குலுங்க ஒரு சிரிப்பு.
தேங்காய்ப்பாலில் வெந்த கணவாய் வந்தது,
சேம்பிலைப் பொட்டலங்கள் சுடச்சுட வந்தன.
"ஆபியா வங்கியில் எனக்கும் ஒன்று இருக்கிறது.
அதற்கும் சேர்த்துச் சாப்பிடுங்கள்."
சாப்பிட்டோம்.

காலையில் பார்த்தால்
கொடியில் என் புதிய லாவாலாவாவின் சிவப்பு
இரேனாவின் வெள்ளைச் சட்டையில் இறங்கியிருந்தது.
"பச்சைத் தண்ணீர், வினிகர், பத்து நிமிஷத்துக்குள்."
இரண்டு வாயும் ஒன்றாகத்தான் சொல்லின.
யாரும் எழுந்திருக்கவில்லை.
பப்பாளியை அப்போதுதான் வெட்டினாள்.
கரையில் படுத்தபடி
கறையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்,
வெயிலில் அது நன்றாக ஊறிப் பிடிக்கும்வரை.