அறுபத்து நான்காம் சுற்று

ராத்திரி ஒன்றரைக்குத்தான்
கீழே பைரூஸ் நானாவின் மா பிசையும் மெஷின் ஓயும்.
அதுவரை என் அலைமானித் திரையில்
பாண் மாவின் மூச்சு.
ஓய்ந்ததும்
நகத்தளவு சில்லு ஒன்று
தனியே பேசத் தொடங்கும்.

ஹட்டன், டிக்கோயா வீதி, மூன்றாம் மாடி.
ஜன்னலில் பனி. மேசையில் ஈயம் உருகிய வாசம்.
கொழும்பிலிருந்து அதீபன் அனுப்பிய வேலை:
உடை. எங்கே உடைகிறதென்று எழுது.

கணக்கு நல்ல கணக்கு.
இனி வரப்போகும் குவாண்டம் கணினிக்கும்
பல் இறங்காது என்கிறார்கள்.
செய்தியில் வேண்டுமென்றே பிழை தூவுவது;
மூவாயிரத்து நானூற்று எண்பத்தெட்டு இடங்களில்
அறுபத்து நான்கு.
சாவி உள்ளவனுக்குத் தெரியும் எது பிழையென்று.
மற்றவர்களுக்கோ
கொழுந்தோடு கலந்த முற்றல் இலை,
இருட்டில் பொறுக்கச் சொன்னால் யார் பொறுக்குவார்?

நான் கணக்கைத் தொடவில்லை.
ஒரே ஓர் இடத்தைப் புரட்டிப்போட்டுத்
திருப்பி அனுப்பினேன். நேரம் பார்த்தேன்.
நல்ல இடமென்றால் பிழை ஒன்று கூடும், சில்லு திணறும்.
பிழை இருந்த இடத்தையே புரட்டினால்
பிழை ஒன்று குறையும்;
அறுபத்து மூன்றாம் சுற்றிலேயே வேலை முடிந்து
நொடியின் லட்சத்தில் ஒரு பங்கு முன்னதாக
மூச்சு விடும்.

அவ்வளவுதான்.
பூட்டு வாய் திறக்கவில்லை,
முகத்தில் காட்டிவிட்டது.

விடிவதற்குள் அறுபத்து நான்கும் என் நோட்டில்.
சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

போன மாதக் கூட்டத்தில் அதீபன் கேட்டான்,
"செவ்வந்தி, நீங்க எந்த ஊர்?"
"ஹட்டன்."
பொய் ஓர் எழுத்தும் இல்லை.
ஆனால் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே
ஓர் இடைவெளி;
பெரட்டுக்களமும், பத்தாம் நம்பர் லயமும்,
எங்கள் கடிதங்களைக் கணக்கப்பிள்ளை கையிலேயே
தபால்காரன் கொடுத்துவிட்டுப் போகும் ஆபீஸ் படியும்
ஓடிக் கடந்துபோகிற அளவுக்கு.
"ஹட்டன் டவுனா?" என்றான்.
அவனிடமும் ஓர் அலைமானி இருந்தது.

கம்பஸில் இதற்கென்றே பழகியிருந்தேன்.
குளியலறைக் கண்ணாடி முன்னால்
ஊர், பள்ளிக்கூடம், அப்பா என்ன செய்யிறார்,
மூன்றுக்கும் ஒரே வேகம்.
அப்பாவில்தான் கசியும்.

மருந்து எளிது. அறிக்கையில் எழுதிவிட்டேன்:
சீக்கிரம் முடிந்தாலும் முடியாதது போலச் சுற்று.
பிழை பத்தோ அறுபதோ
அறுபத்து நான்காம் சுற்று வரை நில்.
வெறும் பூச்சியத்தைப் பெருக்கு,
வெறும் பூச்சியத்தைக் கூட்டு.
வெளியே நின்று பார்ப்பவனுக்கு
எல்லா நாளும் ஒரே நாள்.

எழுதியபின் இந்த வரி யாருடையதென்று தெரிந்தது.
எதிர்க் காம்பரா மரியபுஷ்பம்
கூடை நிறைந்த பிறகும் மலையை விட்டு இறங்கமாட்டாள்.
நாலரைச் சங்கு வரை
பறித்த செடியையே தடவிக்கொண்டு நிற்பாள்.
சீக்கிரம் இறங்கினால்
நாளைக்கு இரண்டு கிலோ கூட்டிக் கேட்பார்களாம்.
அவள் கை எவ்வளவு வேகமென்று
இன்றுவரை தோட்டத்துக்குத் தெரியாது.
அதற்கு அவள் கொடுத்த விலை
தினமும் முக்கால் மணி நேரம்,
அட்டை கடிக்க, சும்மா.

அறிக்கையின் அடியில்
பெயரும் முகவரியும் கேட்டிருந்தார்கள்.
பெயர் உடனே வந்தது.
முகவரிக் கட்டத்தில்
கோடு மினுக்கிக்கொண்டே இருந்தது.

பூங்கந்தைத் தோட்டம், என்று அடித்தேன்.
அழித்தேன். அடித்தேன்.
கீழ்ப்பிரிவு.

எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள்.
அதற்குள் கீழே
விடியற்காலைப் பாணுக்கு
மெஷின் ஓடத் தொடங்கிவிட்டது.